கடைசி முடிச்சு

என் வாய்க்கு ஒரு பூட்டு வாங்க வேண்டும் என்று என் வீட்டுக்காரர் கல்யாணமான முதல் வாரத்திலேயே சொன்னார். இருபத்திரண்டு வருடமாக அங்கன்வாடியில் டீச்சராக இருக்கிறேன், அந்தப் பூட்டு இன்னும் வாங்கியபாடில்லை. அந்த வாயால் ஒரு நாலு வயதுப் பிள்ளையின் படிப்பே போயிருக்கும். நல்ல வேளை, போகவில்லை. அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகிற ரோட்டில் பாதி வழியில் இறங்கி, கரிசல் காட்டுக்குள் கொஞ்ச தூரம் நடந்தால் எங்கள் ஊர். மையத்துக்கு அங்கன்வாடி என்று போர்டு இருக்கிறது, ஊருக்குள் இன்னும் பால்வாடிதான். ஒரு ஹால், ஒரு சமையலறை, முன்னால் ஒரு வேப்பமரம், சுற்றிக் கம்பிவேலி. நானும் ஓர் ஆயாவும் இருக்கிறோம். ஆயா என்றதும் நரைத்த தலையை நினைக்க வேண்டாம். என்னைவிட ஆறு வயது இளையவள், தினமும் கொண்டையில் பூ இல்லாமல் வர மாட்டாள். சமையலும் உதவியும் பார்க்கிறவளுக்கு எங்கள் வேலையில் அதுதான் பெயர்.

சாயங்காலம் பிள்ளைகளைக் கூப்பிட வருகிற தாய்மார்களில் பாதிப் பேர் தீப்பெட்டி ஆபீஸில், அதாவது தீப்பெட்டிக் கம்பெனியில், வேலை பார்க்கிறவர்கள், மீதிப் பேர் மில்லுக்கும் காட்டுக்கும் போகிறவர்கள். எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்.

"இன்னைக்கு என்ன டீச்சர் படிச்சுக் குடுத்தீங்க?"

"ரயில் ஓட்டுனோம்."

அவ்வளவுதான், முகம் சுருங்கிவிடும். டவுனில் வேன் வைத்துக் கூட்டிப் போகிற பள்ளிக்கூடத்தில் மூன்று வயதிலேயே ஏபிசிடி எழுதுகிறதாம். எழுதட்டுமே, யார் வேண்டாம் என்றது? 'இது என் முறை, அடுத்தது உன் முறை' என்று ஒரு மூன்று வயதுப் பிள்ளை இன்னொரு பிள்ளைக்குச் சொல்வதற்கு எத்தனை நாள் அழுகையும் கடியும் கிள்ளும் ஆகிறது என்று எனக்குத்தான் தெரியும். என் கையில் இருக்கிற பல் தடத்தைக் காட்டினால் நம்புவார்கள்.

எங்கள் ரயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் நாத்தனார் எடுத்துக் கொடுத்து, நிறம் பிடிக்காமல் பெட்டியில் கிடந்த இரண்டு பாலியஸ்டர் சேலைகளை ஒன்றோடொன்று முடிந்து, கயிறாக முறுக்கி, பதினாலு முடிச்சு போட்டேன். ஒரு முடிச்சுக்கு ஒரு பிள்ளை. அப்போது பிள்ளைகள் பதிமூன்று பேர், ஒரு முடிச்சு கூடுதல். முதல் முடிச்சு எஞ்சின், மற்றதெல்லாம் பெட்டி. டிக்கெட்டுக்கு, அச்சு மங்கிப்போன தீப்பெட்டி அட்டைகளைத் தாய்மார்கள் கொண்டுவந்து கொடுப்பார்கள். வேப்பமரம்தான் கோவில்பட்டி ஸ்டேஷன். சமையலறைச் சன்னல் கடம்பூர். தண்ணீர்த் தொட்டி திருநெல்வேலி. போளிக்குப் பேர்போன கடம்பூர் வந்ததும் எல்லாப் பிள்ளைகளும் "போளி! போளி!" என்று கத்துவார்கள், ஆயா சன்னல் கம்பி வழியாகச் சத்துமாவு உருண்டையை நீட்டுவாள். அந்த உருண்டையைத் தட்டில் வைத்துக் கொடுத்தால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள், கடம்பூரில் வாங்கினால் இன்னொன்று கேட்பார்கள்.

முதல் வாரம் ரயில் நகரவே இல்லை, எல்லோரும் எஞ்சின்தான். பதிமூன்று பேரும் முதல் முடிச்சைப் பிடித்து இழுத்ததில் நாத்தனார் சேலை கிழியாமல் தப்பியதே அதிசயம். நான் மரத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். இடையில் புகுந்து தீர்ப்புச் சொன்னால் மறுநாளும் நான்தான் சொல்ல வேண்டியிருக்கும். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, பலசரக்குக் கடைக்காரர் பேரன், 'கூ' என்று அவன் கத்தினால் எதிர் வீட்டுக் கோழி எழுந்து ஓடும், அவனே பக்கத்துப் பிள்ளையிடம் சொன்னான்.

"ஏலே, கடம்பூர் வரைக்கும் நானு. அதுக்கப்புறம் நீ. சரியா?"

எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை. கரும்பலகையில் ஒரு வருடம் எழுதினாலும் அந்தப் பேச்சை வரவழைத்திருக்க முடியாது. அன்றிலிருந்து எஞ்சின் முறை மாறி ஓடியது. ஆனால் கடைசி முடிச்சை மட்டும் யாரும் தொட மாட்டார்கள். கடைசி என்றால் தோற்றவன் இடம் என்று அந்த வயதிலேயே எங்கிருந்தோ கற்றுக்கொண்டு வந்துவிடுகிறார்கள்.

தை கழிந்து அந்தப் பிள்ளை வந்து சேர்ந்தாள். ஆட்டுக் கிடைக்காரர் மகள். கிடை என்றால், அறுப்பு முடிந்த காட்டில் ராத்திரி ஆடுகளை அடைத்துப் போடுவது, நிலத்துக்கு உரமாகும். ஊருக்கு மேற்கே அவர்களுக்கு வீடு உண்டு, ஆனால் வருடத்தில் பாதி நாள் ஆட்டோடுதான். அந்தப் பிள்ளைக்கு நாலு வயது, எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய சடை, பேச்சு குறைவு. முதல் நாளே நேராகப் போய்க் கடைசி முடிச்சைப் பிடித்துக்கொண்டாள். மறுநாளும் அங்கேதான் நின்றாள், அதற்கு மறுநாளும் அதே இடம்தான்.

அது மட்டுமென்றால் விட்டிருப்பேன். ரயில் கிளம்பும்போது பின்னாலிருந்து சேலையைப் பிடித்து இழுத்து நிறுத்துவாள். தானாக ஏதோ முணுமுணுப்பாள், பிறகு விடுவாள். எஞ்சின் பையன் முன்னாலிருந்து அலறுவான், "டீச்சர், இவ இழுக்கா!"

"ஏட்டி, விடு. ரயிலு போவட்டும்" என்று நானும் மரத்தடியிலிருந்தே கத்துவேன்.

பயந்த பிள்ளை, கூட்டத்தில் ஒளிந்துகொள்கிறது என்று நானாக முடிவு கட்டினேன். பயந்த பிள்ளையை முன்னால் கொண்டுவர வேண்டியது டீச்சர் வேலை அல்லவா? ஒரு நாள் அவள் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் எஞ்சின் முடிச்சைக் கொடுத்தேன். கடைக்காரர் பேரனுக்கு அன்று பாதி உயிர் போய்விட்டது. அவளோ அந்த முடிச்சைப் பிடித்தபடி பின்பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டாள். "முன்னால பாரும்மா" என்று திருப்பி விட்டேன். மறுபடியும் திரும்பினாள். பின்னால் நிற்கிற பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பார்த்தாள். பிள்ளைகள் சிரித்தார்கள், ரயில் சுருண்டு விழுந்தது, அவள் அழ ஆரம்பித்தாள். நான் ஒரு உதவியும் செய்யவில்லை என்று இப்போது தெரிகிறது. அப்போது எனக்கு எரிச்சல்தான் வந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் அவள் அம்மா வந்தாள். கேட்டில் ஏழெட்டுத் தாய்மார்கள் நின்றார்கள். அவ்வளவு பேர் முன்னால் என் வாய் திறந்தது.

"உங்க பிள்ள ரொம்பப் பயந்தாங்குளியா இருக்காளே! எப்பப் பாரு கடைசியில போயி ஒளிஞ்சிக்கிடுதா. முன்னால வாடின்னா அழுதா. வீட்டுல கொஞ்சம் தைரியம் சொல்லி வளங்க."

அந்த அம்மா பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். ஆயா மட்டும் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "என்னட்டி பாக்க?" என்றேன். "ஒண்ணுமில்லக்கா" என்று பாத்திரத்தைத் தேய்க்கப் போனாள்.

மறுநாள் காலையில் அந்த அம்மா மட்டும் தனியாக வந்து வாசலில் நின்றாள்.

"டீச்சர், பங்குனி பிறந்ததும் ஆத்துப் பக்கம் கிடை போடப் போறோம். நெல்லு அறுத்த வயலு. திரும்பி வர மூணு, நாலு மாசம் ஆவும். இவள இவ அத்த வீட்டுல விட்டுட்டு, இங்கனயே வரட்டும்னு நெனச்சிருந்தோம். பயந்த பிள்ளைன்னு நீங்களே சொல்லிட்டீங்க. பயந்த பிள்ளைய எப்படி விட்டுட்டுப் போறது? கூடவே கூட்டிட்டுப் போயிருதோம்."

"மூணு மாசந்தானம்மா? வந்து மறுபடி சேத்துக்கிடலாம்" என்றேன்.

"மூத்தவனும் மூணு மாசத்துக்குன்னுதான் எங்ககூட கிடைக்கு வந்தான் டீச்சர்" என்றாள். "அப்புறம் பள்ளிக்கூடம் அவனுக்கு ஒட்டவே இல்ல. இப்ப ஆட்டோடதான் நிக்கான்."

கோபமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னாள். அவர்கள் கிளம்ப ஒன்பது நாள் இருந்தது. அந்தப் பிள்ளை பால்வாடிக்கு வந்து முழுசாக ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவள் இங்கே இருப்பதா, ஆட்டோடு போவதா என்பது நான் கேட்டில் நின்று உதிர்த்த ஒரு வார்த்தையில் வந்து நின்றது.

இரண்டு நாள் தள்ளி, சாயங்காலம் என் ஸ்கூட்டியில் அவர்கள் கிடை போட்டிருந்த காட்டுக்குப் போனேன். மக்காச்சோளம் அறுத்த புஞ்சை, மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வண்டிப் பாதையில் முன்னால் ஆட்டுக் கூட்டம் போய்க்கொண்டிருந்தது. ஹாரன் அடித்தேன். ஆடா விலகும்? இன்னும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. கூட்டத்துக்கு ஆகப் பின்னால், தோளில் கம்பும் கையில் ஒரு குட்டியுமாக ஒரு ஆள் வந்துகொண்டிருந்தார். அந்தப் பிள்ளையின் அப்பாதான்.

"அண்ணாச்சி, முன்னால போயி ஆட்ட ஒதுக்கி விடப்படாதா? நான் எம்புட்டு நேரமா நிக்கேன்!"

அவர் சிரித்தார். "முன்னால ஆடு போவும் டீச்சர், அதுக்கு வழி தெரியும். நான் முன்னால போனா, எது நொண்டுது, எது முள்ளுல மாட்டிக்கிட்டு நிக்குதுன்னு யாருக்குத் தெரியும்? இந்தா, இவன் இன்னைக்குத்தான் பிறந்தான். நான் பின்னால வரலைன்னா இவன் அங்கனயே கெடந்திருப்பான்."

ஸ்கூட்டியை அணைத்துவிட்டு அவருக்குப் பின்னாலேயே உருட்டிக்கொண்டு நடந்தேன். கிடையை வலை கட்டி அடைத்திருந்தார்கள். ஆடுகள் ஒவ்வொன்றாக உள்ளே போக, அவர் வாசலில் நின்று ஒவ்வொன்றின் முதுகிலும் கம்பால் லேசாகத் தொட்டார். கடைசி ஆடு போனதும் அடுப்படியில் இருந்த மனைவியைப் பார்த்துச் சத்தம் கொடுத்தார்.

"எல்லாம் வந்தாச்சு!"

வலைக்குப் பக்கத்தில் நின்ற அந்தப் பிள்ளையின் உதடும் அதையே சொன்னது. ரயில் கிளம்பும் முன்னால் தினமும் முணுமுணுத்தது அதுதான். பிள்ளைகள் வீட்டில் பார்ப்பதைத்தான் விளையாட்டில் செய்வார்கள் என்று பயிற்சி வகுப்பில் நானே எழுந்து நின்று பேசியிருக்கிறேன். தீப்பெட்டி ஆபீஸ் பிள்ளைகள் அட்டை அடுக்கி விளையாடினால் எனக்குப் புரியும், மில் பிள்ளைகள் நூல் சுற்றினால் புரியும். கிடைக்காரர் பிள்ளை கடைசியில் நின்றால் பயந்தாங்குளியாம்! மடச்சி, மடச்சி என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அந்த அம்மா எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே சொல்லிவிட்டேன். "தாயி, நான் சொன்னது தப்பு. உங்க பிள்ள பயப்படல. எனக்குத்தான் பாக்கத் தெரியல. மன்னிச்சிக்கிடுங்க."

"நீங்க ஆறுதலுக்குச் சொல்லுதீங்க டீச்சர்" என்றாள்.

"ஆறுதலெல்லாம் எனக்குச் சொல்ல வராது, எங்க வீட்டுல கேட்டுப் பாருங்க. ஒரு நாளு காலையில பத்து மணிக்கு வந்து பாருங்களேன்."

"ஆட்ட யாரு பாக்க?" என்று கேட்டுவிட்டு அடுப்பை ஊதப் போய்விட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது.

அதன் பிறகு நாள் ஒவ்வொன்றும் ஓடியது, அவள் வரவில்லை. பிள்ளை மட்டும் தினமும் அத்தையோடு வந்து, கடைசி முடிச்சைப் பிடித்து, ரயிலை நிறுத்தி நிறுத்தி அனுப்பினாள். இப்போது நான் கத்தவில்லை, மரத்தடியில் உட்கார்ந்து பார்த்தேன். கிளம்புவதற்கு முந்தின நாள்தான் அந்த அம்மா வந்தாள். பிள்ளையின் தட்டையும் டம்ளரையும் வாங்கிப் போக வந்திருந்தாள். ஆயா அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். வெளியே ரயில் அப்போதுதான் கோவில்பட்டியில் நின்றது. "ஒரு நிமிசம் நில்லுங்க தாயி" என்று அவளைச் சன்னல் பக்கம் நிறுத்தினேன். பிள்ளைக்கு அம்மா நிற்பது தெரியாது.

எங்களிடம் மூன்று வயதுப் பொடியன் ஒருவன் உண்டு, மில்லுக்குப் போகிறவளின் மகன். அவன் கால்சட்டை இடுப்பில் நின்ற சரித்திரமே கிடையாது. கடைக்காரர் பேரன் 'கூ' என்று கிளப்பினான், பொடியனுக்குக் கால்சட்டை இறங்கியது, அதைப் பிடிக்க முடிச்சை விட்டான், ரயில் அவனை விட்டுவிட்டு நகர்ந்தது. கணுக்காலில் கால்சட்டையோடு நட்டநடு வெயிலில் நின்றுகொண்டு வாயைக் கோணினான். எழுந்து ஓட நினைத்தேன், என் காலை நானே பிடித்து நிறுத்தினேன்.

கிடைக்காரர் மகள் கடைசி முடிச்சோடு பொத்தென்று தரையில் உட்கார்ந்தாள். மொத்த ரயிலும் வெடுக்கென்று நின்றது.

"எவட்டி அது இழுக்கா?" என்று எஞ்சின் கத்தியது.

"ஹோய்!" என்றாள் அவள். அவ்வளவு சத்தம் அந்தச் சின்னத் தொண்டைக்குள் இருந்தது எனக்குத் தெரியாது. பதிமூன்று பிள்ளைகளும் வாயை மூடிக்கொண்டு திரும்பினார்கள். முடிச்சைப் பக்கத்துப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டு எழுந்து போனாள். பொடியனின் கால்சட்டையை மேலே ஏற்றி, அரைஞாண் கயிற்றுக்குள் செருகி, அது நிற்கிறதா என்று இழுத்துப் பார்த்தாள். கையைப் பிடித்துக் கூட்டிவந்து அவன் முடிச்சில் வைத்தாள். தன் இடத்துக்கு வந்து, ஒவ்வொரு தலையாகப் பார்த்தாள். அவளுக்குப் பத்துக்கு மேல் எண்ணத் தெரியாது, மோவாயை ஆட்டி ஆட்டியே சரிபார்த்தாள்.

"எல்லாம் வந்தாச்சு."

அன்றைக்கு அதை எல்லோர் காதும் கேட்டது. கடைக்காரர் பேரன் அதற்குப் பிறகுதான் 'கூ' என்றான்.

அந்த அம்மா முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"இவ பயப்படல டீச்சர்" என்றாள். "இவ அப்பா நிக்க மாதிரியேல்லா நிக்கா!"

"அதத்தான நான் காட்டுல வந்து சொன்னேன்!" என்று வாய் வரை வந்தது. ஆயா பார்த்த பார்வையில் முழுங்கிவிட்டேன்.

ரயில் கடம்பூர் போய்ப் போளி வாங்கித் திருநெல்வேலி போய்ச் சேர்கிறவரை அவள் சன்னலிலேயே நின்றாள். பிறகு அலமாரிப் பக்கம் போனாள். கையில் இருந்த தட்டையும் டம்ளரையும் எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

"இவ அத்தைக்கிட்டச் சொல்லிட்டுப் போறேன்" என்றாள். "சட்ட துணியெல்லாம் அங்கன குடுத்துட்டுப் போறேன். பாத்துக்கிடுங்க டீச்சர்."

மறுநாள் விடியலில் கிடை ஆற்றுப் பக்கம் கிளம்பிவிட்டது. பிள்ளை இரண்டு நாள் உம்மென்று இருந்தாள். மூன்றாம் நாள் அத்தை வந்து சொன்னாள், ராத்திரி அப்பாவோடு போனில் பேசும்போது அவர் "சாப்பிட்டியா தாயி?" என்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல், "எல்லாம் வந்தாச்சா?" என்று இவள்தான் விசாரித்தாளாம். ஆயா அன்று முழுக்க இதையே சொல்லிச் சிரித்தாள்.

அதன் பிறகு எனக்கு வேறு தலைவலி வந்தது. எல்லோருக்கும் கடைசி முடிச்சு வேண்டும்! ரயிலை நிறுத்துகிற அதிகாரம் அங்கேதான் இருக்கிறது என்று பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள். எஞ்சினுக்கு ஆள் இல்லை. இரண்டு நாள் இழுபறி, ஒரு கடி, நாலு கிள்ளு. நான் தலையிடவில்லை. மூன்றாம் நாள் அவர்களே பேசி முடித்துவிட்டு என்னிடம் வந்தார்கள். பலசரக்குக் கடைக்காரர் பேரன்தான் சொன்னான்.

"டீச்சர், நீங்க சும்மாதான இருக்கீங்க. நீங்க எஞ்சினு."

சும்மா இருக்கிறேனாம்! முன்னால் எனக்கென்று இன்னொரு முடிச்சு போட்டு, சேலையைச் செருகிக்கொண்டு அதைப் பிடித்தேன். முன்னால் நின்றால் பின்னால் ஒன்றும் தெரியவில்லை, திரும்பிப் பார்த்தால் "முன்னால பாருங்க டீச்சர்" என்று அதட்டல். வெயிலில் நின்று காத்திருந்தேன். என் முதுகுக்குப் பின்னால் ஏதோ சச்சரவு, ஒரு கால்சட்டை ஏறுகிற சத்தம், யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். "அவன் கைய முடிச்சுல வைலே" என்று கிடைக்காரர் மகள் யாருக்கோ பொறுமையாகச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கடைசி முடிச்சிலிருந்து, எதிர் வீட்டுக் கோழியை ஓட வைக்கிற அந்தக் குரல் வந்தது.

"எல்லாம் வந்தாச்சு டீச்சர், போலாம்!"